பஸ் டிக்கெட்டின் கனம்

பெரம்பூர், இரண்டாம் மாடி.
துணி காயும் பால்கனியில் பாதியை
அதற்குக் கொடுத்துவிட்டேன்.
மீதிப் பாதியில் எபினேசரின் பனியன்கள்
மரத்தூள் பூத்துக் காய்கின்றன.
"சந்தனம் தெளிச்ச மாதிரி இருக்கு" என்கிறார்.
கோபமா கிண்டலா,
கண்டுபிடிக்க நேரமில்லை.

மோட்டார் மூன்றும் ரிச்சி தெருவில்.
கட்டர் செம்புதாஸ் தெருவில்.
"மரமா, அலுமினியமா?" என்றார் கடைக்காரர்.
தெரியாது என்று சொல்ல வெட்கம்.
"ரெண்டும்."
அந்தப் பொய்யின் விலை முந்நூற்றிருபது.
முதல் நாளே டிக்கென்று முறிந்த நுனி
பறந்துபோய்க் கற்பூரவல்லித் தொட்டியில் விழுந்தது.
இன்னும் தேடவில்லை.

முதலில் படிப்பது பூஜ்யம்.
உலகம் எங்கே தொடங்குகிறதென்று
மெஷினுக்குத் தெரியாது, நாம்தான் காட்ட வேண்டும்.
பலகைக்கும் கட்டருக்கும் நடுவே ஒரு தாள்,
அதை அசைத்துக்கொண்டே
மேலிருந்து நூலிழை நூலிழையாக இறக்கம்.
தாள் இழுபட வேண்டும், கிழியக் கூடாது.
அந்த இடம்.
என் தாள், காலையில் ஆபீசுக்குப் போன
29சி மகளிர் சீட்டு.
விலை இருக்க வேண்டிய இடத்தில்
அதிலும் பூஜ்யம்தான்.
கனத்தை அளந்து பார்த்தேன்:
மில்லிமீட்டரை நூறாக வகுத்து, அதில் ஆறு.
இவ்வளவு நாள் இதைக் கசக்கி
ஜன்னல் வழியே எறிந்திருக்கிறேன்.

வட்டம் கேட்டேன், முட்டை வந்தது.
எட்டு முறை முட்டை.
திருகு திசை மாறும்போது
நட்டுக்குள் ஒரு தளர்வு இருக்கிறதாம்:
மோட்டார் திரும்பிவிட்டது,
மேசை இன்னும் திரும்பவில்லை,
கொஞ்ச நேரம் ரெண்டும் ரெண்டு ஊரில்.
ஆபீசில் ஏறிய கோபத்தோடு
வீட்டில் இறங்கும் எனக்கும் அது உண்டு.
மெஷினுடையதை
ஒரு ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்தேன்.

கீழ்வீட்டில் மெஹருன்னிசா, நர்ஸ்.
இரவெல்லாம் டூட்டி, பகலில் தூக்கம்.
அவள் ஸ்கூட்டி கிளம்பும் ஏழு மணிக்கு மேல்தான்
என் ஸ்பிண்டில் சுற்றலாம்.
யாரும் எழுதாத ஒப்பந்தம்.
ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு
அதை மீறினேன்.

அலுமினியத் தகடு. திரையில் எண்கள்
ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.
கதவு தட்டும் சத்தம்.
சண்டைக்கான வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே திறந்தேன்.
கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பு.
"அக்கா, சத்தம் மாறிடுச்சு. நிறுத்துங்க."

நிறுத்தினேன்.
அலுமினியம் இளகிக் கட்டரின் பள்ளமெல்லாம்
பிசினாக அப்பியிருந்தது.
இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால்
இன்னொரு முந்நூற்றிருபது.

"ராத்திரி பூரா பன்னண்டு மானிட்டர்கா.
ஒண்ணு மாத்திக் கத்தினாலும்
தூக்கத்துல முழிச்சுக்குவேன்."
தரையிலேயே உட்கார்ந்து
சுருள் ஒன்றைப் பொறுக்கி விரலில் சுற்றினாள்.
"புதன்கிழமை எனக்கு லீவு.
அன்னைக்கு நல்லாத்தான் வெட்டினீங்க."

புதன்கிழமை நான் தனியாக இருந்ததாக
நினைத்திருந்தேன்.

ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன்.
சுற்றைக் குறைத்தேன்.
கண்ணை மூடியபடி அவள் சொன்னாள்,
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
ம்.
'ம்' என்ற இடத்தில் எட்டாயிரம்.
சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்,
பக்கத்தில் பால்காரர் கணக்கு.

அவள் தூங்கப் போனாள்.
வந்த வட்டத்தை
வட்டம் என்று இன்னும் சொல்ல முடியாது.
மேசையில் நிறுத்தி உருட்டினால்
ஒரே ஒரு இடத்தில்
கொஞ்சம் யோசிக்கிறது.